போலீஸ் நுழையாத வீடு

காரின் பின்சீட்டில் ஓர் அரிவாள் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஆண்டிச்சாமி இருந்தார். அவருக்கு நேர் முன்னால், பிடரியைக் காட்டிக்கொண்டு பால்ச்சாமி உட்கார்ந்திருந்தான். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் ரோட்டில் எத்தனை பள்ளம் உண்டோ அத்தனையிலும் அரிவாளின் மூக்கு முன்சீட்டில் இடித்தது. இடிக்கும்போதெல்லாம் பால்ச்சாமியின் கழுத்து தோளுக்குள் இறங்கி இறங்கி ஏறியது.

"அண்ணாச்சி, கொஞ்சம் மெதுவாப் போங்க. எனக்குக் கழுத்து ஒண்ணுதான் இருக்கு."

கார் ஓட்டிக்கொண்டிருந்த துப்பறியும் அருஞ்சுனை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மதுரையில் சி.ஐ.டி. உத்தியோகத்தை உதறிவிட்டுத் தனியாகத் தொழில் நடத்துகிற மனிதர். உதவியாளன் புலம்புவதைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப் போயிருந்தது.

"பொழுது சாயுறதுக்குள்ள திரும்பணும்லே. மெதுவாப் போனா அங்க ஒரு கழுத்து போயிரும்."

அந்தக் கழுத்து திம்மையாவுடையது. விஷயம் இதுதான்.

யுத்தம் முடிந்து கப்பல்கள் மறுபடி ஓட ஆரம்பித்த கையோடு, 1946-ல், அருப்புக்கோட்டை ஜவுளி வியாபாரிகள் சேர்ந்து ஒரு கோப்பை வைத்தார்கள். கீழ்க்கடல் கோப்பை என்று பெயர். பினாங்கிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் கொழும்பிலிருந்தும் ஆட்டக்காரர்கள் வந்து இறகுப்பந்து ஆடுவார்கள். வறண்ட காட்டில் காற்று சும்மாயிருக்குமா? பந்து ஒரு பக்கம் அடித்தால் இன்னொரு பக்கம் போகும். அதனால் பந்தலின் நாலு பக்கமும் ஆள் உயரத்துக்கும் மேலாகக் காடாத்துணியைக் கட்டி மறைத்திருந்தார்கள். துணிக்கா அந்த ஊரில் பஞ்சம்.

முதல் வருஷம் கோப்பையை வென்றவன் திருச்சுழிப் பக்கத்தில் உழுது பிழைக்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை காளிராஜ். அடுத்த வருஷம் வென்றவன் அருப்புக்கோட்டை நெசவுக்காரர் வீட்டுத் திம்மையா. இந்த 1948-ல் இறுதி ஆட்டத்துக்கு முன்னால் பழைய சாம்பியன்கள் இருவரும் ஒரு ஆட்டம் ஆடவேண்டும், ஜெயித்தவன் கையால் புதுச் சாம்பியனுக்குக் கோப்பை என்று ஏற்பாடு. ஆடினார்கள். சித்திரை வெயிலில் கம்பளிச் சட்டையைக் கழற்றாமல், இடுப்பு வலி என்று கையைத் தூக்க முடியாமல் ஆடி, காளிராஜ் கேவலமாகத் தோற்றான். அன்று சாயங்காலம் அவனைத் தன் சைக்கிளின் முன்பாரில் உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு போனான் திம்மையா. திரும்பி வரும்போது சைக்கிளில் திம்மையா மட்டும்தான் இருந்தான்.

நாலு நாளாகியும் காளிராஜ் வீட்டுக்கும் போகவில்லை, பந்தலுக்கும் வரவில்லை. எங்கே விட்டாய் என்று கேட்டால் திம்மையா வாயைத் திறக்கவில்லை. அன்று ராத்திரியே அவன் கொல்லைப்புறத்தில் தன் சட்டை வேட்டியைப் போட்டுக் கொளுத்தியதை அண்டைவீட்டார் பார்த்திருந்தார்கள். இது போதாதா? காளிராஜின் ஊர்க்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து பந்தலைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். ஒவ்வொரு வண்டியிலும் வைக்கோலுக்குக் கீழே அரிவாள். கோப்பைக் கமிட்டியின் காரியதரிசி சென்னய்யா, திம்மையாவைப் பந்தலை ஒட்டிய, நூல்மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் வைத்துப் பூட்டி, இரண்டு போலீஸ்காரர்களைக் காவல் நிறுத்தி, அருஞ்சுனைக்குத் தந்தி அடித்தார்.

"பொழுது சாயுறதுக்குள்ள என் அண்ணன் மகனை உசுரோட காட்டணும்," என்று சொல்லிவிட்டார் ஆண்டிச்சாமி. காளிராஜின் சித்தப்பா அவர். தகப்பன் செத்தபிறகு வளர்த்து ஆளாக்கியவர். "காட்டலேன்னா பூட்டை நாங்க திறந்துக்கிடுவோம்."

மத்தியானம் அருஞ்சுனையோடு கிட்டங்கிக்குள் போனதைப் பால்ச்சாமி இப்போது நினைத்துப் பார்த்தான். நூல்மூட்டைகளுக்கு நடுவே திம்மையா குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். வெளியே சத்தம் ஏற ஏற அவன் மூட்டைகளோடு ஒடுங்கினான். இருந்தும் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அந்த நேரம் பார்த்து அவன் தாயார் வெங்கடம்மாள் சோற்றுச் சட்டியோடு ஓடிவந்து மகனைக் கட்டிப் பிடிக்கப் போனாள். திம்மையா அவளைப் பிடித்து ஒரே தள்ளாகத் தள்ளினான். அந்த அம்மாள் மூட்டையில் முட்டிக்கொண்டு விழுந்தாள். பெற்றவளைத் தள்ளுகிற பயல் கொலையும் செய்வான் என்று பால்ச்சாமி அந்த இடத்திலேயே முடிவுகட்டிவிட்டான்.

சோற்றையும் திம்மையா தொடவில்லை. "தாளிச்சது வேணாம். உப்பில்லாமக் கூழு குடு," என்று மட்டும் சொன்னான். அன்றைக்கு அவன் பேசிய பேச்சு அவ்வளவுதான்.

அருஞ்சுனை அதற்குமேல் அவனை ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்து, ஊர் ஊராகத் தேடி அலுத்துப்போய் நின்ற ஏட்டு வெள்ளத்துரையைப் பிடித்தார்.

"எல்லா வீட்டுலயும் நுழைஞ்சு பார்த்தீகளா?"

"ஒரு வீடு விடலீங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லும். எந்த வீட்டுல நுழையல?"

ஏட்டு தலையைச் சொறிந்தார். "நரிக்குடி போற வழியில உடங்காட்டுப்பட்டின்னு ஒரு ஊரு. அங்க ஒரு வீட்டுல மட்டும் நுழையலீங்க. வாசல்ல கும்பிட்டுட்டு வந்துட்டோம். வேப்பிலை கட்டியிருந்துச்சு."

"நுழைஞ்ச வீட்டுல எல்லாம் ஆள் இல்லேன்னா, நுழையாத வீட்டுலதானே இருக்கணும்," என்றார் அருஞ்சுனை.

அதன்பிறகு அவர் செய்ததுதான் பால்ச்சாமிக்குப் பிடிபடவில்லை. வண்டிகளுக்கு நடுவே நடந்து போய், கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொரு முகமாக உற்றுப் பார்த்தார். கடைசியில் ஆண்டிச்சாமியின் முன்னால் நின்று, "உங்க பக்கத்துச் சாட்சியா நீங்களே கார்ல வாங்க," என்றார். இருந்தவர்களிலேயே அந்த முகம்தான் பார்க்கப் பயங்கரம். சிறுவயதில் அம்மை விளையாடி, நெற்றியிலிருந்து தாடைவரை குழிகுழியாகக் கிடக்கும். வெற்றிலை போட்டுக்கொண்டு அவர் அசையாமல் பார்த்தபோது பால்ச்சாமி சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். பார்க்க நல்ல முகமாக வேறு ஒரு ஆளைக் கூட்டிவரக் கூடாதா இந்த மனிதர்?

கிளம்பும்போது சென்னய்யா வீட்டிலிருந்து புளியோதரை கட்டி ஒரு தூக்குவாளியைக் கொடுத்தனுப்பினார்கள். பயம் வந்தால் எதையாவது கட்டிப் பிடித்துக்கொள்வது பால்ச்சாமியின் வழக்கம். இப்போது அந்தத் தூக்குவாளி அவன் மடியில் இறுக்கமாக இருந்தது.

"எந்த ஊருக்குப் போறோம்?" என்று பின்னாலிருந்து கேட்டார் ஆண்டிச்சாமி.

"உடங்காட்டுப்பட்டி."

பின்சீட்டில் ஒரு கனைப்பு. "அது இருளப்பசாமி ஊருல்ல. காளிராஜுக்குத் தாய்மாமன். நான் அந்த ஊருத் தண்ணி குடிச்சுப் பல வருசமாச்சு. கோயில் கொடையில எவன் கிடாய முதல்ல வெட்டுறதுன்னு அவனுக்கும் எனக்கும் வழக்கு. அந்த நாறப்பய வாசல்ல என்னைய நிறுத்தப் போறீகளா?"

"அண்ணே, அவுக கிடாயை மறந்திருப்பாக," என்றான் பால்ச்சாமி, நைச்சியமாக.

"நான் மறக்கல," என்றார் ஆண்டிச்சாமி. அரிவாள் முன்சீட்டில் ஒரு இடி இடித்தது.

பால்ச்சாமி தூக்குவாளியை இன்னும் இறுக்கிக்கொண்டான். அவனுக்கு வேறு ஒரு பயமும் இருந்தது. வேப்பிலை கட்டிய வீடு என்று ஏட்டு சொன்னதிலிருந்து வந்த பயம் அது. அம்மை குத்துகிறவர் ஊருக்கு வந்த காலத்தில் குதிருக்குள் ஒளிந்துகொண்டு தப்பித்தவன் அவன். கையில் தழும்பு கிடையாது. அந்தச் சமர்த்தை இதுவரை எல்லோரிடமும் பெருமையாகத்தான் சொல்லிவந்தான்.

உடங்காட்டுப்பட்டி என்றால் பத்துப்பதினைந்து கூரை, ஒரு கிணறு, சுற்றிலும் உடைமரம். ஊருக்குத் தள்ளி ஒரு தனிவீடு. வாசல் நிலையில் வேப்பங்குலை தொங்கியது. தெருவில் ஒரு கோழிகூட அந்தப் பக்கம் போகவில்லை.

அருஞ்சுனை காரைத் தள்ளியே நிறுத்தினார். "பால்ச்சாமி, நீ கார்லயே இரு. இறங்காத. ஆண்டிச்சாமி, இப்படி கிணத்தடிக்கு வாங்க. உங்ககிட்ட தனியா ஒரு வார்த்தை சொல்லணும். அரிவாள் இங்கயே கிடக்கட்டும்."

"அரிவாள் என்கூடத்தான் வரும்," என்று இறங்கினார் ஆண்டிச்சாமி.

இருவரும் கிணற்றடிக்குப் போனார்கள். வெயில் சிவக்க ஆரம்பித்துவிட்டது. உடைமரத்து நிழல் நீண்டு நீண்டு கார் சக்கரத்தைத் தொட்டது. பால்ச்சாமிக்கு வெங்கடம்மாள் நினைவு வந்தது. தள்ளுபட்டு விழுந்தவள், எழுந்து மகனைத் திட்டவில்லை. வெளியே வந்து அருஞ்சுனையின் காலைப் பிடித்துக்கொண்டு, அவள் வீட்டுப் பாஷையில் ஏதோ சொல்லிச் சொல்லி அழுதாள். பாஷை புரியாவிட்டால் என்ன, அழுகை புரிந்தது. இந்தப் பெரியமனிதர்கள் கிணற்றடியில் நின்று பேசிக்கொண்டே இருந்தால் அங்கே பூட்டை உடைத்துவிடுவார்கள்.

காரைவிட்டு இறங்கி நின்றான். தூக்குவாளியும் அவனோடு இறங்கியது. அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

கடுகு. வெந்தயம். பெருங்காயம். நல்லெண்ணெயில் மிளகாய் வற்றல்.

பால்ச்சாமி மூக்கை விரித்து இழுத்தான். சந்தேகமே இல்லை, தாளிப்பு வாசனை. அம்மை போட்ட வீட்டில் எவளாவது தாளிப்பாளா? கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டாலே ஆத்தாவுக்கு ஆகாதே. ஆக, அந்த வேப்பிலை பொய். போலீஸை வாசலோடு திருப்பி அனுப்ப எவனோ கட்டிவைத்த வேஷம். உள்ளே காளிராஜைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். வேப்பிலை கட்டத் தெரிந்த மடையனுக்கு அடுப்படி வழக்கம் தெரியவில்லை.

அவனுக்குப் புல்லரித்தது. இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக, அண்ணாச்சிக்கு முன்னால் அவனுக்கு ஒரு துப்புக் கிடைத்திருக்கிறது. நாளைக்கு மதுரை முழுக்கச் சொல்லலாம்.

அவன் நடந்தான். பயமும் கூடவே நடந்தது. வாசலில் ஒரு கணம் நின்று மறுபடி மோந்து பார்த்தான். வாசனை பலமாகவே இருந்தது. வேப்பங்குலையைக் கையால் விலக்கிவிட்டு உள்ளே போனான்.

இருட்டு. கண் பழகக் கொஞ்சம் நேரமாயிற்று. மஞ்சள் கரைத்த தண்ணீர்ப் பானை ஒன்று தெரிந்தது. தரையில் வேப்பிலை பரப்பி, அதன்மேல் ஒரு ஆள் மல்லாந்து கிடந்தான். கட்டு இல்லை. கயிறு இல்லை.

"காளிராஜ், பயப்படாதீக, நாங்க வந்துட்டோம்," என்று குனிந்தான் பால்ச்சாமி.

கிடந்தவன் முகத்தைத் திருப்பினான். நெற்றியில், இமையில், உதட்டில், கழுத்தில், இடம் விடாமல் முத்து முத்தாக எழும்பியிருந்தது. உதடு வீங்கிக் கிடந்தது. கண் இரண்டும் கீற்றாகத்தான் திறந்திருந்தன.

பால்ச்சாமிக்குக் கத்தவேண்டும் என்றுதான் ஆசை. தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. பின்னால் நகர்ந்தவன் தோளில் ஒரு கை விழுந்தது.

"ஆரு நீ? செருப்போட உள்ள வந்துட்ட." கரகரத்த குரல். இடுப்பில் ஈர வேட்டி, மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிய ஒரு பெரியவர். இருளப்பசாமி அவர்தான். மூக்கை உறிஞ்சினார். முகம் மாறியது. "அடப்பாவி, கையில என்னத்தைக் கொண்டாந்திருக்க?"

பால்ச்சாமி குனிந்து பார்த்தான். ரோட்டுப் பள்ளத்தில் குலுங்கிக் குலுங்கித் தூக்குவாளியின் மூடி ஒரு பக்கம் நழுவியிருந்தது. கடுகும் மிளகாயும் மின்ன, புளியோதரை எட்டிப் பார்த்தது.

அவன் மோந்து மோந்து கண்டுபிடித்த துப்பு அவன் கையிலேயே இருந்தது.

வாசலுக்கு வெளியே காலடிச் சத்தம். "ஏலே பால்ச்சாமி, கார்ல இருன்னுதானே சொன்னேன்." அருஞ்சுனையின் குரலில் அவன் அதுவரை கேட்டிராத ஒரு நடுக்கம் இருந்தது.

"அண்ணாச்சி," என்றான் பால்ச்சாமி. அழுகை வந்துவிட்டது. "இது நெசமாவே அம்மை அண்ணாச்சி."

"தெரியும்லே. மத்தியானமே தெரியும்." அவர் வேப்பங்குலைக்கு வெளியிலேயே நின்றார். "சித்திரை வெயில்ல கம்பளிச் சட்டை போட்டுக்கிட்டு, இடுப்பு வலின்னு கையத் தூக்க முடியாம ஒருத்தன் தோத்தான். அவனைக் கூட்டிட்டுப் போனவன் வந்து துணியைக் கொளுத்துறான், பெத்தவ கிட்ட வந்தாத் தள்ளிவிடுறான், தாளிச்சது வேணாம், உப்பு வேணாங்கிறான். கொலைகாரன் எதுக்குலே பத்தியம் இருக்கணும்? அது காரணமாத்தான் கூட்டத்துல முகம் முகமாப் பார்த்தேன். ஒரு தடவை அம்மை போட்டவுகளுக்கு மறுபடி வராது. அதுனாலதான் இவுகளைக் கூட்டியாந்தேன். உன்னையக் கார்ல இருக்கச் சொன்னதும் அதுனாலதான்."

அவர் பின்னாலேயே வந்திருந்த ஆண்டிச்சாமி அதற்குமேல் நிற்கவில்லை. அரிவாளை வாசலில் போட்டுவிட்டு, அவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே வந்தார். தரையில் கிடந்த பிள்ளையைப் பார்த்தார். பார்த்தவுடன் அப்படியே உட்கார்ந்தார். அந்தக் குழிவிழுந்த முகம் குழந்தை முகம் மாதிரிக் கோணியது.

"அய்யா, இருக்கியாய்யா. நான் உன்னையக் கொன்னு புதைச்சுட்டாங்கன்னுல்ல இருந்தேன். ஏன்யா, நம்ம வீட்டுக்கு வராம இங்க வந்த?"

காளிராஜ் மெல்ல, காற்றோடு சேர்த்துச் சொன்னான்: "வீட்டுல சின்னப்பிள்ளைக இருக்குகள்ல சித்தப்பா."

கிடாய் வழக்கு எங்கே போயிற்றோ தெரியவில்லை. ஆண்டிச்சாமி இருளப்பசாமியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "மாமா, பிள்ளையப் பார்த்துக்கிட்டீகளே."

"ஆண்டிச்சாமி, வாங்க போவோம். பொழுது போயிருச்சு," என்று வெளியிலிருந்து அவசரப்படுத்தினார் அருஞ்சுனை. "நீங்க போய்ச் சொன்னாத்தான் உங்க ஆளுக நம்புவாக."

ஆண்டிச்சாமி எழுந்தார். அப்போது இருளப்பசாமி வாசலை மறித்து நின்றுகொண்டார்.

"இங்க பார்த்ததை வெளிய சொல்லப்படாது."

"என்ன மாமா சொல்றீக?"

"ஆத்தா வீட்டுக்கு வந்திருக்கா. மூணாம் தண்ணி ஊத்தி அவளை அனுப்பி வைக்கிற வரைக்கும் இந்த வாசலைத் தாண்டி சேதி போகக்கூடாது. சொல்லிக் கூட்டம் கூட்டுனா அவ கோவிச்சுக்கிட்டுப் பிள்ளையக் கையோட கூட்டிட்டுப் போயிருவா. அந்தத் திம்மையாப் பயகிட்டயும் வேப்பிலையத் தொட்டுச் சத்தியம் வாங்கிட்டுத்தான் அனுப்பிச்சேன்."

பால்ச்சாமிக்கு இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. பூட்டிய கிட்டங்கியில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறவன், இங்கே கிடக்கிறவன் பிழைக்கவேண்டும் என்றுதான் வாயைத் திறக்காமல் சாகப் போகிறான். தள்ளிவிட்டது அம்மாவைக் காப்பாற்ற. இவனைப் போய்க் கொலைகாரன் என்று நினைத்தோமே.

இதில் பெரிய கூத்து, ஆண்டிச்சாமியும் அடங்கி நின்றதுதான். அரிவாளோடு வந்த மனிதர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். "மாமா சொல்றது நெசந்தான். எங்க அக்காவுக்கு அப்படித்தான் ஆச்சு. என் வாயால என் பிள்ளைக்கு எமனைக் கூட்டியார மாட்டேன்."

"ஆண்டிச்சாமி, அங்க ஒருத்தனை வெட்டப் போறாக," என்றார் அருஞ்சுனை.

"நான் போய், விட்டுருங்கடான்னு சொல்றேன். ஏன்னு சொல்ல மாட்டேன்."

"ஏன்னு சொல்லாட்டி கேட்பாகளா?"

ஆண்டிச்சாமி யோசித்தார். நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. "கேட்க மாட்டானுக. டவுனுக்காரன்கிட்ட நான் கைநீட்டிக் காசு வாங்கிட்டேன்னு என்னையும் சேர்த்து வெட்டுவானுக."

அருஞ்சுனை சட்டம் சொன்னார், நியாயம் சொன்னார், கெஞ்சவும் செய்தார். இருளப்பசாமி அசையவில்லை. "நீங்க படிச்சவுக. உங்க சட்டம் ரோட்டோட நிக்கட்டும்யா. என் தங்கச்சி விட்டுட்டுப் போனது இந்த ஒண்ணுதான்." அவரும் கெட்டவர் இல்லை. பயந்தவர். அந்த வீட்டில் பயப்படாத ஆளே இல்லை. வாசல் வழியே விழுந்த வெயில் சுவரில் ஏறி, கூரைக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடாக நின்றது. அது போனால் அங்கே பூட்டுப் போகும்.

பால்ச்சாமி அந்தக் கோட்டைப் பார்த்தான். தரையில் கிடந்தவனைப் பார்த்தான். வாசலுக்கும் அவனுக்கும் நாலு எட்டுதான். ஓடிவிடலாம். கால் ஓடத் தயாராகத்தான் இருந்தது. ஆனால் ஓடிப் போய் வெங்கடம்மாளிடம் என்ன சொல்வது?

தூக்குவாளியைத் தள்ளி வைத்தான். செருப்பைக் கழற்றினான். வேப்பிலைப் படுக்கையின் பக்கத்தில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"ஆத்தா," என்றான். காளிராஜைப் பார்த்துத்தான் சொன்னான். அம்மை கண்டவனைப் பேர்சொல்லிக் கூப்பிடுவதில்லை. முத்து உடம்பில் இருக்கும்வரை அவன்தான் ஆத்தா, அவன் வாயில் வருவதுதான் வாக்கு. இது இருளப்பசாமிக்குத் தெரியாததல்ல. "ஆத்தா, நான் பெரிய கோமாளி. எதைக் கண்டாலும் சிரிப்பேன். இன்னிக்குச் சிரிக்கல. ஒனக்காக ஒரு பய வாயைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். பொழுது சாஞ்சா அவனை வெட்டிருவாக. போய்ச் சொல்ல நீ உத்தரவு குடு. கோவம்னா எம்மேல இறக்கிக்க. நான் குத்திக்கக்கூட இல்ல. உனக்கு வசதிதான்."

கிடந்தவன் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி அசைந்தது.

"திம்மையாவையா?"

"ஆமா ஆத்தா."

"போங்க." பெரிய மூச்சு ஒன்றை இழுத்துக்கொண்டான். "ஓடுங்க. சொல்லுங்க."

இருளப்பசாமி நின்ற இடத்திலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டார். வாசலைவிட்டு விலகினார். மஞ்சள் தண்ணீரை மொண்டு ஆண்டிச்சாமியின் தலையோடு ஊற்றி, உடுத்திருந்ததைக் கழற்றிவைக்கச் சொல்லி, உலர்ந்த வேட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஆண்டிச்சாமி ஈரம் சொட்டச் சொட்ட ஓடினார். அரிவாள் வாசலிலேயே கிடந்தது.

"அண்ணாச்சி, நானு?" என்றான் பால்ச்சாமி.

அருஞ்சுனை அவன் தழும்பில்லாத கையைப் பார்த்தார். "நீ இங்கயே இருந்துக்க. இப்ப வந்தா பந்தல்ல இருக்கிற அத்தனை பேருக்கும் கொண்டாந்துருவ. அம்மை குத்துறவரைக் கையோட அனுப்புறேன். உடனே குத்திக்கிட்டா தப்பிச்சுக்கலாம்னு சொல்லுறாக."

"சொல்லுறாகளா, நெசமா?"

"சொல்லுறாக," என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு காருக்கு ஓடினார். அண்ணாச்சி ஓடிப் பால்ச்சாமி பார்த்ததே இல்லை.

சிவப்புக் கோடு போயிற்று. இருளப்பசாமி ஒரு அகலை ஏற்றிவைத்துவிட்டு, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போய்த் தூரத்தில் குழிவெட்டிப் புதைத்துவிட்டு வந்தார். பசித்த வயிற்றோடு பால்ச்சாமி அதையும் பார்த்துக்கொண்டிருந்தான். தன் கையை அகல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கொசுக்கடி ஒன்று தடித்திருந்தது. அது கொசுக்கடிதானா என்று இருளப்பசாமியிடம் மூன்றுமுறை கேட்டான்.

"அவன் சொல்லவே இல்லையா?" என்றான் காளிராஜ் திடீரென்று.

"வாயே திறக்கல. உப்பில்லாத கூழுதான் கேட்டாரு."

காளிராஜின் கண் ஓரத்திலிருந்து தண்ணீர் முத்துக்களுக்கு நடுவே வழி தேடி இறங்கியது. "கிறுக்குப்பய. செத்தா நான்தானே சாவேன். அவன் எதுக்குச் சாகணும்?"

பால்ச்சாமி வாசலைப் பார்த்தான். கார் போய்ச் சேர்ந்திருக்குமா? பள்ளத்தில் அச்சு முறிந்து நின்றிருந்தால்? பெட்ரோல் தீர்ந்திருந்தால்? அவனுக்குத் தெரிந்த சாமி பேரையெல்லாம் சொல்லி முடித்து, தெரியாத சாமிகளையும் கூப்பிட ஆரம்பித்தபோது, தெருவில் வெளிச்சம் அடித்தது. வண்டிச் சத்தம். ஆள் இறங்கும் சத்தம். கூட்டமே கிளம்பி வந்துவிட்டதோ? பால்ச்சாமி சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

யாரும் உள்ளே வரவில்லை. வேப்பங்குலைக்கு அந்தப் பக்கம், கார் விளக்கில் ஒரு உருவம் மட்டும் நின்றது. தலையில் துணிக்கட்டு. அதில் ரத்தம் ஊறியிருந்தது. கல்லடி பட்டிருக்கவேண்டும்.

"காளி." திம்மையாவின் குரல். "ஏலே காளி, இருக்கியா?"

காளிராஜ் பதில் சொல்ல வாயைத் திறந்தான். குரல் போய்விட்டிருந்தது. திம்மையா மறுபடி கூப்பிட்டான். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது அந்தக் குரல் உடைந்திருந்தது.

பால்ச்சாமி சுவரைவிட்டு வந்தான். மண்டியிட்டுக் குனிந்து காளிராஜின் வாயருகே காதை வைத்தான். பிறகு வாசலைப் பார்த்து உரக்கச் சொன்னான்:

"இருக்காராம்."

வெளியே ஒரு பெருமூச்சு கேட்டது. பால்ச்சாமி மறுபடி குனிந்தான்.

"அன்னிக்கு ஆடின ஆட்டம் கணக்குல சேராதாம். காய்ச்சலாம்."

"சேராதுன்னு சொல்லுங்க," என்றான் திம்மையா. அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. "எந்திரிச்சு வரச் சொல்லுங்க. முதல்லருந்து ஆடுவோம்."

அவன் தெருப்புழுதியிலேயே உட்கார்ந்துவிட்டான். தன் காது காளிராஜின் உதட்டில் படிந்திருப்பது பால்ச்சாமிக்கு அப்போதுதான் உறைத்தது. உடம்பு ஒருமுறை தூக்கிவாரிப் போட்டது. எடுத்துவிடலாமா என்று பார்த்தான். ஆனால் காளிராஜ் இன்னும் ஏதோ சொல்ல ஆரம்பித்திருந்தான், வெளியே ஒருத்தன் அதற்காகக் காத்திருந்தான். பால்ச்சாமி காதை எடுக்கவில்லை.